லட்சுமி குடித்த சத்து

பி வைட்டமின்கள் மொத்தம் எட்டு. ஆனால் கடைசியில் நிற்பதன் நம்பர் 12. கூட்டுறவுச் சங்கத்தில் ஆயுசு முழுக்க வவுச்சர் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். நடுவில் ஒரு நம்பர் விட்டுப்போனால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இங்கே 4 இல்லை, 8 இல்லை, 10, 11 இரண்டுமே இல்லை. விசாரித்துப் பார்த்ததில், அந்த நம்பர்களுக்கும் ஒரு காலத்தில் ஆள் இருந்ததாம். இவை வைட்டமின் கணக்கிலேயே சேராது என்று பிற்பாடு தெரிந்ததும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்களாம். மிச்சமிருப்பவர்களுக்குப் புது நம்பர் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் காலத்தில் என்றால் அந்த ரிஜிஸ்டரில் நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்.

போகட்டும். இந்த எட்டுப் பேரில் கடைசி ஆசாமி, அந்த 12, என்னை எப்படிக் கவிழ்த்தான் என்பதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். வேலை ஒன்றும் இல்லையே?

முதலில் காலில் ஆரம்பித்தது. உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, அப்புறம் மரமரப்பு. நான் அதை 'வயசு' என்ற தலைப்பில் வரவு வைத்துவிட்டேன். ரிட்டயர் ஆனவனுக்கு அது ஒரு சௌகரியம். எது வந்தாலும் போட்டு மூட ஒரு தலைப்பு தயாராக இருக்கிறது. பிறகு ஒருநாள் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது எதிரே வந்த ஒரு பொடியன், "தாத்தா, ஒரு கால்லதான் செருப்பு இருக்கு" என்றான். குனிந்து பார்த்தேன், உண்மைதான். இன்னொன்று எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. காலிலிருந்து எனக்குத் தகவலே வரவில்லை. அந்த நேரத்தில் 'தாத்தா' என்றதுதான் உறைத்தது. வந்த வழியே திரும்பிப் போய்த் தேடினேன். கரையோரமாகக் கிடந்தது, அதன் மேல் ஒரு நாய் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வாயில்லா ஜீவனை எழுப்ப மனசு வரவில்லை என்று வீட்டில் சொன்னேன். வராதது மனசு இல்லை, தைரியம்.

அடுத்தது மறதி. கொத்துமல்லி வாங்கப் போனவன் கற்பூரம் வாங்கிக்கொண்டு வந்தேன். கற்பூரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் அதையும் கடையில் வைத்துவிட்டுக் கொத்துமல்லியும் வாங்காமல் கடைக்காரரிடம் மழை நிலவரம் பேசிவிட்டு வந்தேன். "ஏங்க, உங்களுக்கு ஞாபகம் போயிட்டிருக்கு" என்றாள் இவள். "இல்லையே, நீ சொல்றது இது முதல் தடவை" என்றேன். "நேத்தும் இதையேதான் சொன்னீங்க" என்றாள்.

டாக்டரிடம் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண், ரொம்பப் பொறுமைசாலி. ஸ்கூலில் இசைக்கவை என்று படித்தோமே, அந்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிர்வு தெரியுதா சார்?" தெரியவில்லை. ஆனால் பாவம், இவ்வளவு சிரத்தையாக ஒருத்தர் வைத்துப் பார்க்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? "நல்லாத் தெரியுதும்மா" என்றேன். "நான் அதைக் கையால பிடிச்சு நிறுத்தி ரொம்ப நேரமாச்சு சார்" என்றார்.

அப்புறம் எழுந்து இரண்டு காலையும் சேர்த்துவைத்து நிற்கச் சொன்னார். நின்றேன். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அவ்வளவுதான், அறை ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். நான் போய்ச் சேர்ந்த இடம் எடை பார்க்கும் மிஷின். அது 81 என்று காட்டியது. வீட்டில் நான் 74 என்று சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் என் கையைப் பிடித்தார், இவள் மிஷினைப் பார்த்தாள்.

விழுந்ததற்குக் காரணம் இருக்கிறது. கால் எங்கே இருக்கிறது, எப்படி மிதிக்கிறது என்கிற சேதி முதுகுத்தண்டு வழியாக மூளைக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நரம்புகளுக்கு மேலே ஓர் உறை உண்டு. உறை நன்றாக இருக்க பி12 வேண்டும். அது குறைந்தால் உறை கெட்டு, சேதி பாதி வழியில் நின்றுவிடும். கண் திறந்திருக்கும்வரை கண்ணே பார்த்துப் பார்த்து ஆளை நிறுத்திவைக்கும். கண்ணை மூடினால் ஆள் சாய்வான். இந்தக் குறைவால் ரத்தத்திலும் கோளாறு வரும். சிவப்பணுக்கள் முதிராமல், அளவுக்கு மேல் பெருத்து, எண்ணிக்கையில் குறைந்துபோகும். பார்க்கப் பெரிசு, வேலைக்கு உதவாது. டாக்டர் இதைச் சொன்னபோது இவள் என்னைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

"நாக்கை நீட்டுங்க." நீட்டினேன். "வழவழன்னு இருக்கே, எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டர் கேட்டது என்னைத்தான். "கல்யாணம் ஆனதிலேருந்தே இப்படித்தான் டாக்டர்" என்று பதில் சொன்னது இவள்.

அதற்குப் பிறகு குறுக்கு விசாரணை. "மீன், முட்டை?" பரம்பரை சைவம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன். "பால் குடிப்பீங்களா?" கொழுப்பு என்று நிறுத்திவிட்டேன், காபிகூடக் கடுங்காபிதான். "தயிர்?" சளி பிடிக்கும். "வேற மாத்திரை?" சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பல வருஷமாக. காலையில் வெறும் வயிற்றில் ஒரு வாயு மாத்திரை, அதுவும் பல வருஷமாக; அது இருக்கிற தைரியத்தில்தான் சாயங்காலம் பஜ்ஜி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ பி12 எதிலேருந்து கிடைக்கும்னு நெனச்சீங்க சார்?" "கீரை" என்றேன். கீரையில் அது ஒரு துளிகூட இல்லையாம். வாக்கிங் சிநேகிதர் ஒருவர் பேச்சைக் கேட்டு வாங்கிய சுருள்பாசிப் பொடி ஒரு டப்பா வீட்டில் இருக்கிறதே, அதையாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அதில் இருப்பது பெரும்பாலும் போலி பி12, உடம்புக்கு உதவாது என்றார். அந்தச் சிநேகிதரும் பெரும்பாலும் அப்படித்தான்.

பரிசோதனைக்கூடத்தில் குடும்பத்தோடு வந்தால் தள்ளுபடி என்று போர்டு வைத்திருந்தார்கள். தள்ளுபடி என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியாது. இவளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. ரிசல்ட் வந்தது. பி12 ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்கு மேலாவது இருக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருந்தது. எனக்கு 138. இவளுக்கு 290. மாமியாருக்கு 512.

"என்ன மாப்பிள்ளை, எனக்கு ஜாஸ்தியா இருக்கே, ஏதாவது வியாதியா?" என்று கேட்டார். "இல்லேம்மா, நீ பாஸ், இவர் ஃபெயில்" என்றாள் இவள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட் அந்த மார்க்கு வரிசையில்தான் கை மாறுகிறது.

மாமியாரின் ரகசியம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. காலையில் பால், மத்தியானம் தயிர், ராத்திரி மோர். எல்லாம் எதிர்வீட்டுப் பால்காரர் மாடு லட்சுமியின் உபயம். உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த பி12-ஐ உலகத்தில் எந்தச் செடியும் செய்யாது, எந்த மிருகமும் செய்யாது, மனுஷனும் செய்ய மாட்டான். செய்வதெல்லாம் நுண்ணுயிரிகள். மாட்டின் பெருவயிற்றில் அந்த நுண்ணுயிரிகள் குடியிருந்துகொண்டு, தீனியில் இருக்கிற துளி கோபால்ட்டை வைத்து இதைத் தயாரித்துத் தருகின்றன. லட்சுமி வைக்கோல் தின்றபடியே நின்ற இடத்தில் தயாரித்துக்கொள்கிறது. முயலுக்கு இந்த வசதி குடலின் பின்பகுதியில் இருப்பதால், அது தன் புழுக்கையில் ஒரு ரகத்தைத் திரும்பத் தின்று சரிக்கட்டிக்கொள்கிறது. நம் பெருங்குடலிலும் இதைச் செய்கிற நுண்ணுயிரிகள் உண்டு. ஆனால் பி12-ஐ உறிஞ்சிக்கொள்கிற இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. உற்பத்தி நடப்பதோ அதையும் தாண்டி. வண்டி கடையைத் தாண்டிப் போன பிறகு சரக்கை ஏற்றுகிறார்கள். நம் உடம்பைக் கட்டியவர் யாராக இருந்தாலும் தணிக்கைக்கு ஆள் வைக்கவில்லை என்பது நிச்சயம்.

இத்தனைக்கும் இது எவ்வளவு வேண்டும் என்கிறீர்கள்? ஒரு நாளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் மேலே. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு கிராம் இருந்தால் ஓர் ஆளுக்கு ஆயிரம் வருஷம் தாண்டியும் வரும். அதுகூட இல்லாமல்தான் நான் எடை மிஷினில் விழுந்திருக்கிறேன். அதுவும் ஒரே நாளில் வந்த பஞ்சமில்லை. மற்ற பி வைட்டமின்களில் பெரும்பாலானவை உடம்பில் அதிக நாள் தங்காது. இது மட்டும் கல்லீரலில் வருஷக்கணக்குக்குக் கையிருப்பு இருக்கும். நான் பாலை நிறுத்தி, வாயு மாத்திரையால் வயிற்று அமிலத்தை அடக்கி, உணவிலிருந்து பி12 பிரிந்து வருகிற வழியையும் அடைத்து, மெட்ஃபார்மின் தன் பங்குக்கு உறிஞ்சுவதையும் குறைக்க, அந்தக் கையிருப்பை வருஷக்கணக்காக வழித்துத் தின்று தீர்த்திருக்கிறேன். சிக்கனக்காரன் என்று ஊரில் எனக்குப் பெயர்.

வீட்டில் உட்கார்ந்து இந்த வைட்டமின்களின் பூர்வோத்தரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற வழக்கம் எனக்கு இல்லை. ராத்திரி சாப்பாட்டில் வெண்டைக்காய் மோர்க்குழம்பு. "தெரியுமா, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் காசில் என்று ஒரு டாக்டர் இருந்தார்" என்று ஆரம்பித்தேன். பி12 உடம்பில் ஏறாமல் வருகிற ஒருவகை ரத்தசோகை அப்போதெல்லாம் ஆளைக் கொன்றுவிடும். தினமும் நிறைய ஈரல் சாப்பிட்டால் பிழைக்கிறார்கள் என்று 1926-இல் மைனாட், மர்ஃபி என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 1934-இல் விப்பிளையும் சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு. நோயாளியின் வயிற்றில் இல்லாதது நல்ல வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் காசில் ஒரு காரியம் செய்தார். அரைவேக்காட்டு மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டு, ஒரு மணி நேரம் பொறுத்து, அதை வெளியே எடுத்து, கரைகிறவரை வெதுவெதுப்பில் வைத்திருந்து, குழாய் வழியாக நோயாளிகளுக்கு...

இவள் தட்டோடு எழுந்து போய்விட்டாள். மாமியார் மட்டும் மோர்க்குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு மாப்பிள்ளை, பொழைச்சாங்களா?" என்றார். பிழைத்தார்கள். வயிற்றுச் சுவரில் ஒரு பொருள் சுரக்கிறது, அது கைபிடித்து அழைத்துப் போனால்தான் பி12 உள்ளே ஏறும் என்று அதிலிருந்துதான் தெரிந்தது. எதைச் சாப்பிட்டோம் என்று அந்த நோயாளிகளுக்குக் கடைசிவரை சொல்லவில்லையாம். "நல்ல வேளை" என்றார் மாமியார்.

மறுநாள் இவளைச் சமாதானப்படுத்தலாம் என்று தம்பதி ஒற்றுமைக் கதை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பி3 குறைந்தால் பெல்லக்ரா என்று ஒரு நோய் வரும். வெயில் படுகிற தோல் வெந்துபோகும், வயிற்றுப்போக்கு, பிறகு புத்தி தடுமாற்றம், கடைசியில் சாவு. மக்காச்சோளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு வந்தது. அமெரிக்காவில் இதைத் தொற்றுநோய் என்று எல்லாரும் பயந்தபோது, ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் 1916-இல், தொற்று இல்லை என்று நிரூபிக்க நோயாளிகளின் கழிவையே உருண்டை பிடித்து விழுங்கினார். அவர் மனைவி மேரியும் பின்வாங்காமல் நோயாளியின் ரத்தத்தை ஊசியாகப் போட்டுக்கொண்டார். "பார், புருஷனுக்காக எப்படி நின்றிருக்கிறாள்" என்று முடித்தேன். "நானும் நிக்கிறேன், தினம் அடுப்படியில. இனிமே இந்த வீட்டுல சாப்பாட்டு நேரத்துல வைட்டமின் பேச்சு எடுக்கக் கூடாது" என்றாள். அது இன்றும் சட்டமாக அமலில் இருக்கிறது.

ஆனால் அரிசி விஷயத்தைப் பேசாமல் எப்படி இருப்பது? எனக்குச் சோறு மல்லிகைப்பூவாக இருக்க வேண்டும். பச்சரிசி, அதிலும் நன்றாகத் தீட்டியது. அதை மூன்று தண்ணீர் கழுவி, வேகவைத்து, கஞ்சியை வடித்துத்தான் சாப்பிடுவேன். "தவிட்டை மில்லுல விட்டுட்டு, சத்தைக் கஞ்சியில விட்டுட்டு, வெறும் வெள்ளையைச் சாப்பிடுறீங்களே" என்று மாமியார் கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறார். அவர் புழுங்கல் அரிசிக் கட்சி. நான் பெரிய படிப்பாளி என்ற முறையில் அதைக் காதில் வாங்கவில்லை.

இப்போது படித்தால், அவருக்கு ஆதரவாக ஜாவாத் தீவிலிருந்து கோழிகள் சாட்சி சொல்ல வருகின்றன. அங்கே பட்டாவியாவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி என்ற நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, தளர்ந்து, இதயமே நின்றுபோகிற நோய். ஆராய்ச்சிக் கோழிகளுக்கும் அதே மாதிரி கால் தடுமாறியது. பிறகு திடீரென்று எல்லாம் தேறிவிட்டன. விசாரித்தால், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கொஞ்ச காலம் கோழிக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், 'ராணுவத்துச் சோற்றைச் சிவிலியன் கோழிக்குத் தர முடியாது' என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. ஓர் அரசாங்க ஊழியரின் கெடுபிடியால் மருத்துவ உலகத்துக்கு ஞானம் பிறந்தது என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் கிடைத்தது. சமையல்காரருக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அதுவும் அரசாங்க வழக்கப்படிதான்.

தவிட்டில் இருந்த அந்தப் பொருள்தான் பி1. அதன் வடிவத்தைக் கண்டறிந்து 1936-இல் செயற்கையாகவும் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்தது எங்கே தெரியுமோ? அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. நெல்லூரில் பிறந்தவர் தவிட்டைத் தேடிப் போனார், கும்பகோணத்தில் பிறந்த நான் தவிட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்று கேளுங்கள், இது நம்மூர் சமாசாரம். 1920-களில் குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் வெள்ளெலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் ஒவ்வொரு பக்கத்துச் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டத்துக்குப் போட்டு வளர்த்தார். கோதுமை ரொட்டி, பால், நெய், காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலி கொழுத்து முதல் இடத்தில் நின்றது. கடைசி இடம், மதராஸி சாப்பாட்டு எலி. தீட்டிய அரிசி, பால் கம்மி. அதாவது என் தட்டு. அந்த எலிக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம், அதற்கு மாமியார் இல்லை.

புழுங்கல் அரிசியின் சூட்சுமம் இதுதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கத்தில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கி அரிசிக்குள் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு தீட்டினாலும் முழுசாகப் போகாது. பழைய மாகாணத்தில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடக்குக் கரையோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட தெற்குப் பக்கம் அது அபூர்வம். நம் பாட்டிமார்கள் நோபல் கமிட்டிக்கு விண்ணப்பம் அனுப்பாமல் விட்டுவிட்டார்கள்.

சரி, என் வீட்டில் கழுவின தண்ணீரும் வடித்த கஞ்சியும் எங்கே போயின என்று கணக்குப் பார்த்தேன். கொல்லையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. தினமும் சாயங்காலம் பால்காரர் வந்து அதை எடுத்துப் போய் லட்சுமிக்கு வைக்கிறார். மில்லில் போன தவிடு? அதையும் மூட்டையாக அவரே வாங்கிவந்து லட்சுமிக்குத்தான் போடுகிறார். ஆக, எனக்கு வரவேண்டிய பி1 லட்சுமிக்குப் போகிறது. லட்சுமி தனக்கு வேண்டிய பி12-ஐத் தன் வயிற்றுக் குடித்தனக்காரர்களை வைத்தே தயாரித்துக்கொள்கிறது. உபரி பாலில் வருகிறது. பால் மாமியாருக்குப் போகிறது. நான் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறேன்.

மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டோடு நிற்காமல், 'எல்லா பி-யும் சேர்ந்தது' என்று ஒரு பி காம்ப்ளெக்ஸ் அட்டையும் வாங்கினேன். அதைச் சாப்பிட்டால் பலம் வரும் என்று நினைப்பு. ஒன்று முழுங்கிவிட்டு, காலி கேஸ் சிலிண்டர் என்று நினைத்து நிறைந்த சிலிண்டரைத் தூக்கப் பார்த்தேன். மூச்சுப் பிடித்துக்கொண்டது. இந்த வைட்டமின்களில் தனியாகச் சக்தி ஒன்றும் கிடையாதாம். சாப்பிட்ட சோற்றையும் பருப்பையும் சக்தியாக மாற்றுகிற வேலைக்கு அவை கூடமாட ஒத்தாசை செய்கின்றன, அவ்வளவுதான். தைலம் தேய்த்துவிட்ட இவளிடம் இதை விளக்கினேன். "உங்களை மாதிரியா?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "இல்ல, அது ஒத்தாசையாவது பண்ணுது" என்றாள்.

அன்று ராத்திரி பாத்ரூமில் அடுத்த அதிர்ச்சி. சிறுநீர் பளீரென்று மஞ்சள். காமாலைதான், சந்தேகமே இல்லை. தெருக்கோடியில் ஓர் அம்மாளிடம் கீழாநெல்லி அரைத்து வாங்கிக் குடித்து, உப்பில்லாமல் சாப்பிட்டு, தூரத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து குரலைத் தாழ்த்திப் பேசி, கூட்டுறவு வங்கிப் பாஸ்புத்தகம் எங்கே இருக்கிறது என்று இவளுக்கு அடையாளமும் காட்டிவிட்டேன். மெடிக்கல் ஷாப் பையன்தான் சொன்னான்: "சார், அது பி2. நிறமே மஞ்சள். உடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்சம் அப்படியே வெளியில வரும்." அட்டையைக் கொடுத்தவனே அவன்தான். அந்த அட்டைக்குக் கொடுத்த பணம் பாத்ரூமில் போய்க்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். வாய் ஓரம் வெடித்துப் புண்ணாகிறவர்களுக்கு அந்த பி2 வேண்டியதுதான். எனக்கு வாயில் ஒரு குறையும் இல்லை என்பதை டாக்டர் முன்னாலேயே இவள் பதிவு செய்திருக்கிறாள்.

இதே பி குடும்பத்து ஃபோலிக் அமிலமும் ஒரு கதை வைத்திருக்கிறது. என் மகள் உண்டாகியிருந்தபோது வாங்கிய மாத்திரையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சிசுவின் முதுகுத்தண்டு சரியாக மூடிக்கொள்ளக் கருவுற்ற முதல் வாரங்களிலேயே அது வேண்டும். ரத்தசோகைக்கும் கேட்கும் என்று அட்டையில் போட்டிருந்ததா, வீணாகக் கூடாது என்று நான் முழுங்க ஆரம்பித்தேன். டாக்டரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் தேறின மாதிரி காட்டும். உள்ளே நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். கணக்குப் புத்தகத்தைத் திருத்தி எழுதிவிட்டுக் கல்லாவைக் காலி செய்கிற வேலை அது. என்னிடம் போய் அதைச் சொன்னார்.

அந்த ஃபோலிக் அமிலத்தை 1945-இல் செயற்கையாகச் செய்த அமெரிக்க லெடர்லி ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். கதர் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார் என்று வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு அனுப்பப்பட்டார். அவருடைய அண்ணனைக் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்ற குடல் நோய். அதே நோய் அவரையும் ஒருமுறை படுக்கவைத்தது. அந்த நோய்க்குக் கேட்கிற மருந்தே ஃபோலிக் அமிலம். 1948-இல் காலமானார். இந்த ஒரு பத்தியில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை.

கடைசியாக பயோட்டின், அதாவது பி7. முடி வளரும் என்று என் தலையைப் பார்த்த முடிவெட்டுகிறவர் சிபாரிசு செய்தார். உடம்பில் அது குறைந்ததால் முடி உதிர்கிறவர்களுக்குத்தான் அது கேட்கும். குறையாதவன் தின்றால் வளராது. அதிகமாகத் தின்றால் தைராய்டு பரிசோதனை முடிவைத் தாறுமாறாக்கிவிடும் என்பதுதான் கண்ட பலன். என் தலையைப் பொறுத்தவரை உதிரும் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது; உதிர ஒன்றும் இல்லை.

இப்போது எனக்கு ஊசி நடக்கிறது. மருந்து நல்ல சிவப்பு. உள்ளே கோபால்ட் உலோகம் இருக்கிறது. பி12-இன் அணு அமைப்பை எக்ஸ்ரே வைத்தே கண்டுபிடித்தவர் டோரத்தி ஹாட்ஜ்கின். 1964-இல் அவருக்கு நோபல். முதல் ஊசியின்போது நர்ஸம்மாவிடம் இந்த விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரி அங்கிள், வேட்டியைக் கொஞ்சம் இறக்குங்க" என்றார். அந்த நிலையில் நோபல் பரிசைப் பற்றித் தொடர்ந்து பேச முடியாது.

மரமரப்பு குறைந்திருக்கிறது. செருப்பு கழன்றால் தெரிகிறது. ஆனால் ஒரு நஷ்டமும் உண்டு. நடுவில் கொஞ்ச நாள் நான் ராஜாவாக இருந்தேன். கரண்ட் பில் கட்ட மறந்தால் பி12. இவள் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போக மறந்தால் பி12. கல்யாண நாளை மறந்ததற்குக்கூட ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் 600 தாண்டிவிட்டது. இவள் அந்தக் காகிதத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்துவிட்டாள். "இனிமே மறந்தா அது வைட்டமின் இல்லை, திமிர்" என்றாள். மாமியார் கண்ணாடி போட்டுக்கொண்டு போய்ப் படித்துவிட்டு, "ஊசி போட்டு வாங்கின மார்க்குத்தானே மாப்பிள்ளை" என்றார்.

நீங்கள் பாலும் தயிரும் ஒதுக்கின சைவராக இருந்தால், அல்லது வருஷக்கணக்காக வாயு மாத்திரையோ மெட்ஃபார்மினோ சாப்பிடுகிறவராக இருந்தால், கால் மரத்துப்போவதை வயசுக் கணக்கில் எழுதிவிடாதீர்கள். நரம்பு கெட்டு ரொம்ப நாளானால் அப்புறம் எத்தனை ஊசி போட்டாலும் முழுசாகத் திரும்பாது. உங்கள் டாக்டரைக் கேட்டு பி12 ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நீங்களாக அட்டை வாங்கி முழுங்க வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் குடும்பத் தள்ளுபடி உண்டு என்பார்கள். முழுக் காசையும் கொடுத்துத் தனியாகப் போய்விட்டு வாருங்கள்.